மூணு வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

போன வாரம் பக்கத்து அரசுப் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாள்வது பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். நான் தென்காசிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள், மேடைப் பேச்செல்லாம் வராது. மேனேஜர் "நீங்களே போயிட்டு வந்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டார், வேறு வழியில்லை.

பேசுவதற்கு என்று ஒரு பவர்பாயிண்ட் கொடுத்துவிட்டிருந்தார்கள். உண்டியல் படம், நாணயத்தில் இருந்து செடி முளைக்கும் படம், சிறுதுளி பெருவெள்ளம். கரண்ட் இல்லாததால் தப்பித்தேன். கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: மூணு வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் வருஷத்துக்கு எவ்வளவு வட்டி?

முக்கால்வாசிப் பேர் 300 என்றார்கள். தனிவட்டி கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைகள்தான், ஆனால் புத்தகத்து வட்டி வருஷத்துக்கு, தெருவில் வாங்குகிற வட்டி மாசத்துக்கு என்பதை யாரும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "டீச்சர், அது மாசத்துக்குல்லா? அப்ப 3,600ல்லா வரும்" என்றாள். (வகுப்பில் நிற்கிற பொம்பளை எல்லாருமே அவர்களுக்கு டீச்சர்தான்.) எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எங்கிருந்து தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பள்ளியிலேயே ஷேர் மார்க்கெட் சொல்லிக் கொடு, மியூச்சுவல் ஃபண்ட் சொல்லிக் கொடு என்று ஆளாளுக்கு ரீல்ஸ் போடுகிறார்கள். சொல்லிக் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் முதலில் சந்திக்கப்போவது முதலீட்டை இல்லை, கடனை. பைக் லோன், நகைக்கடன், அம்மா கட்டுகிற வாரக் குழுக் கடன், அப்புறம் போனில் ரெண்டு நிமிஷத்தில் பணம் தருகிற ஆப். சேமிப்பு எப்படிப் பெருகும் என்பதற்கு முன்னால் கடன் எப்படிப் பெருகும் என்று தெரிய வேண்டாமா?

பைக் லோனையே போர்டில் போட்டுக் காட்டினேன். 1 லட்சம் ரூபாய், 3 வருஷம், 12 சதவீதம். ஷோரூமில் "வெறும் 12 பர்சென்ட்தான் தம்பி" என்பார்கள். அது ஃபிளாட் வட்டி என்றால் மூன்று வருஷத்துக்கு 36,000, மாதத் தவணை 3,778 ரூபாய். அதே 12 சதவீதத்தைக் குறைகிற பாக்கிக்கு மட்டும் போட்டால் தவணை 3,321தான். மாசம் 457 ரூபாய் வித்தியாசம். நாம் அசலை மாசாமாசம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம், ஆனால் வட்டி மட்டும் கடைசி மாசம் வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. சரியாகக் கணக்குப் போட்டால் அந்த ஃபிளாட் 12 என்பது 21 சதவீதத்துக்கும் மேல். ஒரு பையன், "அப்ப எங்க அண்ணனை ஏமாத்திட்டாங்களா?" என்றான். ஏமாற்றவில்லை தம்பி, பத்திரத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கும், உங்க அண்ணன் கையெழுத்துப் போட்ட இடத்தைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டான் என்றேன்.

எட்டாம் வகுப்புக் கணக்கில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. கூட்டு வட்டி, ஜிஎஸ்டி, தள்ளுபடி எல்லாம் வரும். நல்ல பாடம். ஆனால் அதே கூட்டு வட்டிச் சூத்திரத்தை வைத்து ஆருத்ரா என்ற நிதி நிறுவனம் கொடுத்த வாக்கைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறோமா? மாதம் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லித்தான் ஆயிரக்கணக்கான பேரிடம் பணம் வாங்கினார்கள். மாதம் 30 சதவீதம் கூட்டு வட்டியில் ஓடினால் 1 லட்சம் ஒரே வருஷத்தில் 23 லட்சம் தாண்டும். எந்தத் தொழிலில் இவ்வளவு லாபம் வரும் என்று பதின்மூன்று வயசுப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். 1990களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்து, 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. அதற்கப்புறமும் 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் பணத்தைப் போட்டு ஏமாந்து நின்றோம். ஒவ்வொரு தலைமுறையும் தன் சொந்தக் காசைக் கட்டித்தான் இந்தப் பாடத்தைப் படிக்கிறது.

சொல்லிக் கொடுத்துவிட்டால் கந்துவட்டி ஒழிந்துவிடும் என்று கதை விடவில்லை. அதற்கு 2003இலேயே சட்டம் போட்டாயிற்று, ஒழிந்தா போனது? ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருபதாயிரம் கட்டச் சொன்னால் எங்கள் வங்கி பூட்டியிருக்கும், பத்து வட்டிக்காரர் வீடு திறந்திருக்கும். அங்கே போகிற அம்மாவுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, என்னைவிட நன்றாகத் தெரியும். அறிவு குறைச்சலால்தான் ஏழையாக இருக்கிறார்கள் என்கிற மாதிரி வகுப்பெடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் நாலு வருஷத்தில் கல்லூரிக்குப் போவார்கள். பெண் பிள்ளைகளுக்கு 2022இல் இருந்து புதுமைப்பெண், பையன்களுக்கு 2024இல் இருந்து தமிழ்ப்புதல்வன் என்று அரசு உதவித்தொகைத் திட்டங்கள், மாசம் 1,000 ரூபாய் அவர்கள் பெயரிலேயே கணக்கில் விழுகிறது. அரசாங்கம் காசையும் கார்டையும் கையில் கொடுக்கிறது. போனில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, அனுப்பத்தான் போட வேண்டும் என்ற ஒரு வரியை யார் சொல்வது? ஆன்லைன் மோசடியில் காசு போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும் என்று? வகுப்பில் கேட்டேன், மூன்று பேருக்குத்தான் அந்த நம்பர் தெரிந்திருந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஆசிரியர் ஒருவர் கேட் வரைக்கும் கூட வந்தார். தயங்கித் தயங்கி, "மேடம், மச்சான் ஒரு ஸ்கீம் சொல்றான், மாசம் எட்டு பர்சென்ட் தர்றாங்களாம், போடலாமா?" என்றார். போர்டில் எழுதினதை அழிக்காமல்தான் வந்திருக்கிறேன் சார், போய் ஒரு தடவை பாருங்கள் என்றேன். சிரித்தார். போட்டாரா இல்லையா, தெரியாது.

அடுத்த மாசம் பத்தாம் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை ஏலச்சீட்டு. 20 பேர், ஆளுக்கு 1,000, மூன்றாம் மாசமே ஏலத்தில் 6,000 கழிவு விட்டு, 20,000 சீட்டை 14,000க்கு எடுத்த அக்காவுக்கு உண்மையில் எவ்வளவு வட்டி விழுந்தது என்று அவர்களையே போடச் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டில் பழைய சீட்டு நோட்டு கிடந்தால் பெயர்களை மறைத்துவிட்டு ஒரு போட்டோ இன்பாக்ஸில் அனுப்புங்கள். கழிவுத் தொகை எழுதின பக்கம் இருந்தால் போதும்.