அது களைப்பு அல்ல

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “பாவம், எவ்வளவு களைத்துப் போயிருப்பார்கள்” என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக அந்த நாட்களைக் கடந்தவள் என்ற முறையில், எனக்கு அந்தச் சொல்லோடு உடன்பாடில்லை. களைப்பு தூங்கினால் தீர்ந்துவிடும். எங்களில் பலரைத் தூங்கவே விடாதது வேறொன்று.

செய்ய வேண்டியது இன்னதென்று தெளிவாகத் தெரிந்தும், ஆள் பற்றாக்குறையோ விதிமுறையோ குறுக்கே நிற்பதால் செய்ய முடியாமல் போகும்போது எழும் வேதனையை அற உளைச்சல் எனலாம். செவிலியர் பணியின் அறம் குறித்து எழுதிய ஆண்ட்ரூ ஜேம்டன் 1984ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயர் வைத்தார். எது சரி என்று புரியாமல் திண்டாடுவது வேறு, இது வேறு என்று அவர் பிரித்துக் காட்டியதே முக்கியம்.

உறவினர் யாரும் உள்ளே வரக்கூடாது என்றிருந்த ஓர் இரவில், இறந்துகொண்டிருந்த முதியவர் ஒருவரின் காதருகே, பிளாஸ்டிக் உறையில் போட்ட செல்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “சிஸ்டர், அப்பா கையைப் பிடிச்சிருக்கீங்களா?” என்று மகள் கேட்டார். என் ஒரு கையில் செல்பேசி. மறு கை, அடுத்த படுக்கையில் அலறிய வென்டிலேட்டரை நோக்கி நீண்டிருந்தது. “பிடிச்சிருக்கேன்மா” என்றேன்.

தொற்று பற்றிய பயமும் எங்களுக்கு இருந்தது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கோவிட்டால் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் பயத்தை வீட்டில் சொல்லி அழ முடிந்தது. அந்தப் பொய்யை யாரிடம் சொல்வது?

இதற்கு மருந்தாக எங்களுக்குக் கிடைத்தவை கைதட்டலும் தியான வகுப்பும். தியானத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு மனவுறுதி போதவில்லை என்று வகுப்பு நடத்துவது, நிர்வாகத்தின் குறையை ஊழியரின் குறையாக மாற்றி எழுதும் வேலை.

2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வெளியிட்ட பரிந்துரைகளில், தீவிர சிகிச்சையில் சேர்க்க வயது வரம்பு வைக்க நேரலாம் என்ற வரி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த வரியை என்னாலும் ஏற்க முடியவில்லை. ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பின் ஒரு பகுதியையாவது சிகிச்சை தருபவரின் தோளிலிருந்து இறக்குவதும் தங்கள் நோக்கம் என்று அதே ஆவணம் சொன்னதை ஏனோ யாரும் பெரிதாகப் பேசவில்லை. யாருக்குப் படுக்கை என்பதை, நோயாளியின் அருகே நிற்காத ஒரு குழு பொது விதிப்படி முடிவு செய்து, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். கடைசி நேரத்திலாவது ஒரே ஓர் உறவினருக்குக் கவச உடை கொடுத்து உள்ளே விட வேண்டும். ஒரு வேளைப் பணியில் என்னென்ன செய்ய முடியாமல் போயிற்று என்பதை, தண்டனை பயமின்றி எழுதி வைக்க இடம் வேண்டும்.

எங்கள் குறிப்பேட்டில் ஆக்சிஜன் அளவுக்கும் மருந்துக்கும் சிறுநீர் அளவுக்கும் கட்டங்கள் உண்டு. அன்றிரவு அந்த முதியவரின் பக்கத்தில் நான் எழுதியது: “மகளுடன் பேசவைக்கப்பட்டது.”