சிறையில் மனநலச் செவிலியரின் வேலை ‘தூக்க ஊசி’ போடுவதா?

“அடங்காத கைதிக்கு, சிறை அதிகாரி சொன்னால் செவிலியர் மயக்க ஊசி போட்டே ஆக வேண்டும், அதுதான் சிறையில் மனநல சிகிச்சை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளைப் பாருங்கள். சிகிச்சை முடிவை மருத்துவப் பணியாளர் மட்டுமே எடுக்கலாம், சிறை அலுவலர் அதை மாற்ற முடியாது என்கிறது 27-ஆம் விதி. தண்டனை விதிப்பதில் மருத்துவப் பணியாளருக்கு எந்தப் பங்கும் இருக்கக் கூடாது என்கிறது 46-ஆம் விதி. தனிமையில் அடைக்கப்பட்டவரை அவர்கள் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதே விதிதான். மீறும் சிறைகள் இருக்கலாம். அது மீறல், நடைமுறை அல்ல.

சரி, செவிலியர் என்னதான் செய்கிறார்? உள்ளே வந்த முதல் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. குடியை திடீரென நிறுத்தியதால் நடுக்கமா, வலிப்பு வருமா, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டறிகிறார். வெளியே சாப்பிட்டுவந்த மாத்திரை விட்டுப்போகாமல் பார்க்கிறார். அப்புறம், பொறுமையாக உட்கார்ந்து பேசுகிறார்; பல நேரம் அதுவே பெரிய சிகிச்சை.

இந்தப் பொய்யை நம்பி, உள்ளே இருப்பவர் உதவி கேட்கவே பயப்படக்கூடும். விதிகளின் முழு வடிவம் ஐ.நா. இணையதளத்தில் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.