அந்தக் கோபம் யாருக்காக?

ஒரு நகரத்தில் நடக்கும் கொலை, கொள்ளையை வைத்து யாராவது ஜோக் அடிப்பார்கள். ஊர்க்காரர்கள் கொதிப்பார்கள். உடனே, "ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று மற்றவர்கள் கிளம்புவார்கள். இந்தச் சண்டையில் நான் கோபப்படுகிறவர்கள் பக்கம்தான். ஆனால், அந்தக் கோபம் யாருக்காக என்று பார்க்காமல் அதில் சேர்ந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ரியோ டி ஜெனிரோவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

2002 மார்ச் 31 அன்று 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. தொடரின் நாயகர்களான சிம்ப்சன் குடும்பம், மகள் லிசா பண உதவி செய்துவந்த அனாதைச் சிறுவனைத் தேடி ரியோவுக்குப் போகிறது. போன இடத்தில் அப்பா ஹோமரைக் கடத்திவிடுகிறார்கள். தெருக்கொள்ளை, குடிசை, எலி, குரங்கு என்று அந்தப் பகுதி முழுக்க ரியோ அப்படித்தான் தெரிகிறது. பிரேசில் கொந்தளித்தது. ரியோவின் சுற்றுலா அமைப்பான ரியோட்டூர், வழக்குப் போடுவோம் என்றது. ஊரை வெளிநாடுகளில் விளம்பரப்படுத்த 1.8 கோடி டாலர் செலவழித்திருக்கிறோம், அத்தனையும் பாழ் என்பது அவர்களுடைய வாதம். அப்போது அதிபராக இருந்த கார்டோசோவே, இது உண்மையைத் திரிக்கிறது என்று கண்டித்தார். கடைசியில் தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்புக்குள்ளேயே, பிரேசில் அதிபரோடு குத்துச்சண்டை போட ஹோமர் தயார் என்று இன்னொரு ஜோக்கையும் செருகியிருந்தார்.

அந்தச் செருகல் எனக்குப் பிடிக்கவில்லை. தெருவில் குரங்கு திரிவதாகக் காட்டியது சுத்த அறியாமை. அதற்குக் கோபப்பட்டதும் நியாயம். அப்புறம் ரியோவின் நிஜத் தெருப்பிள்ளைகள்? அவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

1993 ஜூலை 23. ரியோவின் மையத்தில் இருக்கும் கேண்டலாரியா தேவாலயத்துக்கு வெளியே படுத்திருந்த தெருப்பிள்ளைகளைத் துப்பாக்கியால் சுட்டார்கள். 8 பேர் செத்துப்போனார்கள். சுட்டவர்களில் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். அன்றைக்குத் தப்பியவர்களில் சாந்த்ரோ என்ற சிறுவனும் ஒருவன். 2000 ஜூன் 12 அன்று 174-ஆம் எண் பேருந்தில் பயணிகளைத் துப்பாக்கி முனையில் பிடித்துவைத்தது அவன்தான். மணிக்கணக்கில் அது நேரலையாக ஓடியது, நாடே பார்த்தது. முடிவில் பணயமாக இருந்த ஓர் இளம்பெண் இறந்தார். பிடிபட்ட சாந்த்ரோ போலீஸ் வண்டிக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்தான். அந்தக் கார்ட்டூன் வந்தது இதற்கு இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில்.

கார்ட்டூன் வந்து இரண்டு மாதம் கழித்து, 2002 ஜூன் 2 அன்று, டிவி குளோபோவின் செய்தியாளர் டிம் லோப்பஸ் ஒரு ஃபவேலாவில், அதாவது ஏழைகள் நெருக்கமாக வாழும் குடிசைப் பகுதியில், ரகசியமாகச் செய்தி சேகரிக்கப் போனார். அங்கே நடக்கும் நடன விருந்துகளில் போதைக் கும்பல் சிறுமிகளைச் சீரழிக்கிறது என்ற புகாரைத்தான் அவர் துருவிக்கொண்டிருந்தார். கும்பல் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றது. இதற்கெல்லாம் ரியோ கொதிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொதித்தது, நன்றாகவே கொதித்தது. ஆனால் கார்ட்டூனுக்கு எதிராக ஊரின் பெயரால் பேசியவர்கள் வைத்தது விளம்பரச் செலவுக் கணக்கு. ஜோக் காயப்படுத்தியது அந்த ஃபவேலாவில் குடியிருக்கிறவர்களை. அவர்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

"இருப்பதைத்தானே சொன்னோம்" என்று ஜோக் அடிக்கிறவர்கள் வாதாடுவார்கள். இருப்பதை அவர்கள் சொல்லவே இல்லை. இந்த மாதிரி ஜோக்குகளில் மாட்டிக்கொள்வது எப்போதும் வெளியூர்க்காரன். பயப்படுவது அவன், பர்ஸைப் பறிகொடுப்பது அவன், தப்பித்து ஊர் திரும்புவதும் அவன். உள்ளூர்க்காரன் கத்தியோடு வருகிறவனாக மட்டும்தான் இருப்பான். நிஜத்தில் ரியோவில் கொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. ஃபவேலாக்களிலும் புறநகர்களிலும் வாழும் ஏழைக் கறுப்பின இளைஞர்கள். செத்துக்கொண்டிருக்கிறவனையே வில்லனாக்கிச் சிரிக்கவைக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறவன் தன் பயத்தைத் தானே கிண்டல் செய்வது வேறு விஷயம், அதை யாரும் தடுக்க வேண்டாம்.

கோபம் வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்குக் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தைச் சொல்வேன். 2017-இல் அமெரிக்க ராப் பாடகர் விஸ் கலீஃபா, அந்த ஊரின் போதைக் கடத்தல் தலைவனாக இருந்த பாப்லோ எஸ்கோபாரின் கல்லறைக்குப் பூவோடு போய்ப் படம் எடுத்துப் பதிவிட்டார். அப்போதைய மேயர் குதியேரஸ் கடுப்பாகிச் சொன்னது, அந்தப் பூவை வன்முறைக்குப் பலியானவர்களுக்கு அல்லவா கொண்டுபோயிருக்க வேண்டும் என்று. எஸ்கோபார் குடும்பத்தோடு இருந்த மோனாகோ கட்டடம் ஆட்கள் வந்து வேடிக்கை பார்க்கிற இடமாக மாறியிருந்தது. 2019 பிப்ரவரி 22 அன்று அதே மேயர் காலத்தில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இப்போது பலியானவர்களுக்கான நினைவுப் பூங்கா இருக்கிறது. கட்டடத்தை இடித்தால் போதைக் கடத்தல் நின்றுவிடுமா என்று அங்கேயே பலர் கேட்டார்கள். சரியான கேள்விதான். இருந்தாலும் அந்தக் கோபத்தில் செத்தவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

அதனால் ஒரு ஜோக்கைக் கண்டித்து நகர நிர்வாகம் அறிக்கை விடும்போது, அதே அறிக்கையில் இன்னும் முடியாத கொலை வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் நான் தேடுவேன். ஃபவேலாவில் பிறந்து வளர்ந்து ரியோவின் நகரசபை உறுப்பினரான மரியெல் ஃபிராங்கோவை 2018 மார்ச் 14 அன்று காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். கார் ஓட்டியவரும் இறந்தார். சுட்டவனுக்கும் அவனுக்குக் கார் ஓட்டியவனுக்கும் தண்டனை அறிவிக்க 2024 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறரை வருடத் தாமதம் ரியோவின் பெயரைக் கெடுத்த அளவுக்கு எந்தக் கார்ட்டூனும் கெடுத்ததில்லை.