கூந்தன்குளத்துப் படங்களில் கூரை எங்கே போனது?

பிப்ரவரி கடைசி வாரத்தில் குடும்பத்தோடு மூன்று நாள் கூந்தன்குளத்தில் கழித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினேன். எடுத்துவந்த பறவைப் படங்களைக் கணினியில் ஏற்றி, கழிக்க வேண்டியவற்றைக் கழித்து, தேறியவற்றை வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒரே ஒரு படத்தைத் தவிர வேறு எதிலும் ஊர் இல்லை என்பதைக் கவனித்தேன். கூழைக்கடா இருந்தது, மஞ்சள்மூக்கு நாரை இருந்தது, கரண்டிவாயன் இருந்தது. ஆனால் அவை கூடு கட்டியிருந்த வேப்பமரத்தடி வீடும், அந்த வீட்டின் கூரையும், கூரைக்கு மேலே போன மின்கம்பியும் இல்லை. அது தற்செயலாக அமைந்ததன்று. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தும், மண்டியிட்டும், திரும்பி வந்தபின் ஓரங்களை வெட்டியும் நானேதான் அந்த ஊரை நீக்கியிருந்தேன். விடுமுறைக்குச் சரணாலயம் போய்ப் பறவைப் படம் எடுக்கும் நம்மில் பெரும்பாலோர் இதையே செய்கிறோம். அது தவறு என்று இப்போது எனக்குத் தோன்றுவதால் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

கூந்தன்குளத்துக்குப் போகாதவர்களுக்காகச் சில விவரங்கள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டியை அடுத்து இருக்கிறது இந்த ஊர். கூந்தன்குளம், காடன்குளம் ஆகிய இரண்டு பாசனக் குளங்களும் சேர்ந்த 129.33 ஹெக்டேர் பரப்பு 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குளங்களுக்கு மணிமுத்தாறு அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. தண்ணீர் நின்றால் டிசம்பர், ஜனவரி வாக்கில் பறவைகள் வந்து சேரும். கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஆனி, ஆடி வரை இருந்துவிட்டுப் போகும். தண்ணீர் பொய்த்த ஆண்டில் அவற்றையும் எதிர்பார்க்க முடியாது. இவை பிற சரணாலயங்களுக்கும் பொருந்தும் செய்திகள்தாம். இந்த ஊரின் தனித்தன்மை என்னவென்றால், குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களோடு பறவைகள் நின்றுவிடுவதில்லை. தெருவுக்குள் வந்து, வீட்டு முற்றத்து வேம்பிலும் பூவரசிலும் கூடு கட்டுகின்றன. கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பார்ப்பதைவிடத் தெருவில் நடந்து போய் நிமிர்ந்து பார்த்தால் அதிகம் தெரிகிற சரணாலயம் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் இருக்கும் கொக்கரே பெள்ளூரும் இப்படிப்பட்ட ஊர்தான். அங்கேயும் இதே கூழைக்கடாவும் இதே நாரையும்தான் ஊருக்குள் கூடு கட்டுகின்றன.

கூடு கட்டும் பறவைகள் மட்டுமல்லாமல் குளிர்காலத்தைக் கழிக்க வருபவையும் இங்கே உண்டு. முதல் நாள் காலையில் குளத்தின் நடுவே மேடாகத் தெரிந்த இடத்தில் வரித்தலை வாத்துகள் ஒரு பெருங்கூட்டமாக உட்கார்ந்திருந்தன. திபெத்தியப் பீடபூமி, மங்கோலியா போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வரும் பறவை இது. செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இவை பறந்தது பதிவாகியிருக்கிறது. இரவிலும் விடியற்காலையிலும் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் நீர்நிலையில் இளைப்பாறுவது இவற்றின் வழக்கம். ஆகவே ஒன்பது மணிக்கு நாம் காணும்போது அவை ஓய்விலிருக்கின்றன. எனக்குச் சற்றுத் தள்ளி நின்ற நான்கைந்து பேர், எல்லோரிடமும் என்னுடையதைவிட விலை உயர்ந்த லென்ஸ், அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருவர் கரையிலிருந்து இறங்கிக் கைதட்டிக்கொண்டு நீர்விளிம்பை நோக்கி நடக்க, மற்றவர்கள் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். கூட்டம் மொத்தமாக எழுந்தது. நொடிக்கு இருபது படம் எடுக்கும் கருவிகள் இயங்கி முடிந்தன. எழுந்த வாத்துகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த குளத்தின் பக்கம் போயின. அன்று மதியம் வரை திரும்பவில்லை.

அவர்களைக் கண்டிக்க எனக்கு முழு உரிமை கிடையாது. பத்து ஆண்டுகளுக்கு முன், முதல் தொலைவில்லை (தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) வாங்கிய புதிதில், ஓர் ஏரிக்கரையில் பவளக்காலிகள் பறக்கட்டும் என்று நானே ஒரு கல்லை எறிந்திருக்கிறேன். கிடைத்த படம் மங்கலாக இருந்தது என்பது வேறு விஷயம். பறவை தானாகப் பறக்கும் நேரம் தெரிந்தவருக்குக் கல் தேவைப்படாது என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. மஞ்சள்மூக்கு நாரை பறப்பதற்கு முன் குனிந்து, கழுத்தை முன்னால் நீட்டும். செம்பருந்து நிழலாடினால் நாமக்கோழிகள் நீரில் நெருங்கிக் கூடும். கூழைக்கடாக்கள் வெயில் ஏறித் தரை சூடான பின் அந்தச் சூட்டுக் காற்றில் வட்டமிட்டு மேலேறும். இவற்றைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் பறவை பார்த்தல். அந்தப் பயிற்சி இல்லாமல் படம் மட்டும் வேண்டும் என்கிறபோதுதான் கைதட்டல் வருகிறது.

பெருங்கூட்டத்தை எழுப்புவதாவது கண்ணுக்குத் தெரிந்த தொந்தரவு. கூட்டருகே நாம் தரும் தொந்தரவு தெரியாத வகை. பிப்ரவரி கடைசியில் நாங்குநேரிப் பக்கம் பதினொரு மணி வெயில் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். தாய்நாரையோ தந்தைநாரையோ அந்த வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். பறவை கூட்டை விட்டு அகலாத நேரம் என்பதால் படம் எடுக்க வசதி என்று நினைத்து ஆள்கள் நெருங்குவதும் அதே நேரத்தில்தான்; அது எழுந்து போனால் மயிர் முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கும், காகத்துக்கு முட்டை கிடைக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும் என்பதைப் படமெடுப்பவர்கள் பலர் அறியமாட்டார்கள். ‘நான் துப்பாக்கியா பிடித்தேன், கேமராதானே’ என்று சொல்வதற்குச் சட்டத்தில் அவ்வளவாக இடமில்லை.

இதனால்தான் கூட்டுப் படங்களே கூடாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். காட்டுக்குள் ஒற்றையாகக் கூடு கட்டும் பறவைக்கு அது மிகச் சரியான விதி; நான் அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் கூந்தன்குளத்துத் தெருவில், சைக்கிளும் ஆட்டுக்குட்டியும் தண்ணீர்க் குடமும் போய்வரும் பாதையின் மேலே கட்டப்பட்ட கூட்டை, அதே பாதையில் நின்று, ஊர்க்காரர் நிற்கும் தூரத்தில் நின்று எடுப்பதை அந்த விதியின் கீழ் கொண்டுவர முடியாது. அங்கே பறவை மனிதரைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. எந்த மனிதரை என்பதுதான் கேள்வி: தெருவில் தன் வேலையாக நடந்து போகிறவரையா, மொட்டைமாடியில் ஏறிக் கூட்டின் மட்டத்துக்கு முக்காலி நிறுத்துகிறவரையா? முதலாமவரைப் போல நடந்துகொள்ள முடிந்தால் படம் எடுக்கலாம். டிரோன் கொண்டுவருபவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

இரண்டாம் நாள் மாலை ஒரு வீட்டு வாசலில் நின்று, முற்றத்து வேம்பில் இருந்த நாரைக் கூட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்க்கிளை தாழ்ந்திருந்ததால் சட்டகத்தின் ஓரத்தில் கூரைத் தகரம் வந்து வந்து விழுந்தது. நான் நகர்ந்து நகர்ந்து அதை விலக்கிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி கேட்டார்: “ஏன் தம்பி, வீட்டை மறைச்சு மறைச்சு எடுக்கிய? அதுக்கு இருக்கது எங்க வீட்லதான?” கோபமில்லை, உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டார். பின்னணி சுத்தமாக இருந்தால் பறவை எடுப்பாகத் தெரியும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் வாசலைக் காட்டிச் சிரித்தார். சுத்தத்தைப் பற்றி அந்த வாசலில் பேசியிருக்கக்கூடாது. மரத்துக்கு அடியில் எச்சம் சுண்ணாம்பு அடித்தது போலப் படிந்திருந்தது. குஞ்சு கக்கிய மீன் ஒன்று வெயிலில் காய்ந்து நாறிக்கொண்டிருந்தது. துணி காயப்போடுவது கொல்லைப்புறத்தில்தான், தண்ணீரைத் திறந்து வைப்பதில்லை, மாசி தொடங்கி ஆடி வரை முற்றத்தில் படுக்க முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். “பிள்ளைப்பேத்துக்கு வந்த மவ மாதிரி. நாலு மாசம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். போன்னு சொல்லுவமா?” என்றார்.

அந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை என்ற செய்தியை நாம் தீபாவளிதோறும் நாளிதழில் படித்து மகிழ்கிறோம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றியும் இதே செய்தி வரும். ஒருநாள் பட்டாசை விடுவது பெரிதுதான். ஆனால் நாள்தோறும் எச்சம் கழுவுவதை ஒப்பிட்டால் அது சிறிது. இந்தப் பழக்கம் வனத்துறைக்கும் முந்தியது. வேடந்தாங்கலில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798 வாக்கில் பாதுகாப்புக்கான உரிமையை எழுதிக் கொடுத்தார் என்பது பதிவில் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. அன்பும் கணக்கும் சேர்ந்தே இருந்திருக்கின்றன, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கூரையை வெட்டிய என் படத்தில் விடுபட்டுப் போனது இந்த ஏற்பாடு முழுவதும்தான். என் படத்தைப் பார்ப்பவருக்கு, மனிதரே இல்லாத ஏதோ ஒரு காட்டில் நாரை கூடு கட்டியிருப்பதாகத் தோன்றும். மனிதர் இல்லாததால்தான் நாரை அங்கே இருக்கிறது என்று முடிவு செய்வார். கூந்தன்குளத்தைப் பொறுத்தவரை அது நேர்மாறான பொய்.

நண்பர்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். பின்னணியை மங்கவைப்பது ஒளிப்படக் கலையின் அடிப்படை. தகரக் கூரையும் மின்கம்பியும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். போட்டி நடுவர்கள் அப்படிப்பட்ட படத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். மூன்றும் உண்மை. 600 மில்லிமீட்டர் லென்ஸில் நாரையின் கண்ணும், முதுகுச் சிறகின் ரோஜா நிறமும் கூர்மையாக விழுந்து, பின்னால் பச்சை மட்டும் கரைந்து நிற்கும் படத்தின் அழகை நான் மறுக்கவில்லை. என் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று தொங்குகிறது. அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டுமே நம்மிடம் இருக்கிறது என்பதுதான் என் குறை. கூந்தன்குளத்துக்கு வரும் ஒவ்வொருவரும் அதே நாரையை, அதே வெளிச்சத்தில், அதே மங்கிய பச்சையின் முன் எடுத்துப் போகிறோம். கீழே ஊர்ப் பெயரைப் போடாவிட்டால் அது கூந்தன்குளமா, வேடந்தாங்கலா, கொக்கரே பெள்ளூரா என்று எடுத்தவருக்கே அடையாளம் தெரியாது.

அழகை விடுங்கள், பயனைப் பார்ப்போம். கூரையோடு சேர்த்து எடுத்த படத்தை, ஐந்தாண்டு கழித்து அதே வாசலில் அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுக்கலாம். மரம் இருக்கிறதா, கிளை வெட்டப்பட்டதா, கூடு பதினொன்றாக இருந்தது நான்காகிவிட்டதா, ஓட்டுவீடு மாடிவீடு ஆனபின் நாரை என்ன செய்தது என்றெல்லாம் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட முடியும். நாரையின் கண்ணை மட்டும் காட்டும் நூறு படங்களை அடுக்கினாலும் இதில் ஒன்றையும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாள்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்பவர்கள் பட்டியலோடு படங்களையும், பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். அங்கே என் பரிசுப் படத்தைவிட, மரம் முழுவதும் தெரிய, தேதியோடு எடுத்த சாதாரணப் படம் கூடுகளை எண்ண உதவும். நாளை தெருவை அகலப்படுத்த அந்த வேம்பை வெட்ட வேண்டும் என்று யாரேனும் அளவுநாடாவோடு வந்தால், கையில் எடுத்துக் காட்டத்தக்கது எந்தப் படம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலையில் தொலைவில்லையை அறையிலேயே வைத்துவிட்டு, அகலமாகக் காட்டும் 35 மில்லிமீட்டர் லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். பழக்கமில்லாததால் முதல் அரைமணி நேரம் எதை எடுப்பதென்றே தெரியவில்லை. வெள்ளை நாரைக்கும் நிழலடித்த திண்ணைக்கும் ஒரே நேரத்தில் ஒளியளவு வைப்பது பெரும்பாடாக இருந்தது. ஒன்பது மணிக்கு ஆச்சியின் வீட்டு வாசலை அடைந்தேன். அவரைக் கேட்டுவிட்டு, வேம்பு முழுவதும் தெரிய, கீழே வீடும் தெரிய, ஒரே ஒரு படம் எடுத்தேன். தம்மை எடுக்க வேண்டாம் என்று உள்ளே போய்விட்டார். அதனால் திண்ணை காலியாக இருக்கும்.

அந்தப் படத்தைத்தான் கீழே இணைத்திருக்கிறேன். போட்டிக்கு உதவாது. மரத்தில் ஏழு கூடுகளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். உச்சியில் நிற்பது கூழைக்கடா. வலது ஓரத்தில் நீலமாகத் தெரிவது தண்ணீர் டிரம், அதன் மேல் மூடியிருக்கும் பலகை ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்ததாம்.