பழைய மார்க் ஷீட்டை மறைக்காதீர்கள்

நேற்று இரவு தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். நான்கு செமஸ்டர் முடிந்துவிட்டது, மதிப்பெண் ரொம்ப மோசம், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்றான். அதுவரை சரி. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அண்ணா, அப்ளிகேஷன்ல பழைய இடத்தைப் பத்தியே சொல்லாம விட்டுட்டா என்ன? ஸ்கூல் முடிச்சுட்டு ரெண்டு வருஷம் சும்மா இருந்ததா காட்டிக்கலாம்னு ஒருத்தர் சொன்னார்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே யோசனையை எனக்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். 'இதற்கு முன் படித்த கல்வி நிறுவனங்கள்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் நிரப்பி, இரண்டு நாள் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு பாடங்களில் தோற்றவனுக்கு அந்தக் காலிக் கட்டம் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி, அந்தக் கட்டத்தை நிரப்பு. பெரும்பாலான படிவங்களில் கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருப்பார்கள்: தகவலை மறைத்தால் சேர்க்கை ரத்து. சேர்ந்து மூன்று வருடம் கழித்துத் தெரிந்தாலும் ரத்துதான். தெரியவே தெரியாது என்று சொல்கிறவர்களை நம்பாதே. அமெரிக்காவில் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. எந்த மாணவர் எங்கே, எந்தக் காலத்தில் பதிவு செய்திருந்தார் என்ற விவரத்தை அந்த நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் அதற்குக் கொடுத்து வைக்கின்றன. பிடிபடாமலே போனாலும், பட்டம் வாங்கும் நாள்வரை அந்தப் பயத்தோடு வகுப்பில் உட்கார வேண்டும். ஏற்கெனவே பயந்து பயந்துதானே மதிப்பெண்ணைக் கோட்டை விட்டோம்?

மாறுவதே தப்பு, தோற்ற இடத்திலேயே ஜெயித்துக் காட்டு என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கைப் பாருங்கள். 4 புள்ளி அளவுகோலில் ஒருவருக்கு 60 கிரெடிட் (பாடத்தின் அளவுக்கேற்ப அதற்குத் தரும் அலகு) முடிந்திருக்கிறது, மதிப்பெண் சராசரி 1.8. பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். மீதி 60-லும் ஒரு பாடம் விடாமல் முழு 4.0 வாங்கினாலும் கடைசியில் நிற்பது 2.9-ல்தான். மொத்தச் சராசரி 3.0 கேட்கும் மேற்படிப்பு எதுவும் அவருக்கு எட்டாது. இனி எவ்வளவு உழைத்தாலும் எட்டாது என்று தெரிந்த பிறகு ஒரு இருபது வயதுப் பிள்ளை காலையில் எதற்காக எழுந்து வகுப்புக்குப் போகும்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாறி வருபவருக்குத் தேர்ச்சி பெற்ற பாடங்களின் கிரெடிட் மட்டும்தான் கூட வரும், அதுவும் பெரும்பாலும் சி கிரேடுக்குக் குறையாமல் இருந்தால். ஜிபிஏ, அதாவது அந்த மதிப்பெண் சராசரி, புதிதாகத் தொடங்கும். நியாயமான ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் புதிதாகத் தொடங்குகிறது என்றால் பழையது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கே மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஏஎம்சிஏஎஸ் முறையில், எத்தனை கல்லூரி மாறியிருந்தாலும் எல்லா இடத்து கிரேடுகளையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். வேறு நாடுகளில் வேறு விதிகள். இந்தியாவில் யுஜிசி 2021-ல் கொண்டுவந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் சம்பாதித்த கிரெடிட்டை அதிகபட்சம் ஏழு வருடம் வைத்துக்கொள்ளலாம். தோற்ற பாடத்துக்கு அதில் போட்டு வைக்க ஒன்றும் இருக்காது. ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் என்ற பொதுக் கிரெடிட் முறையில் ஒரு வருடப் படிப்பு 60 கிரெடிட். அதில் 20-ஐப் புதிய இடம் ஏற்கவில்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு வருடம் போயிற்று. எங்கே போவதானாலும் எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஏன் தோற்றோம்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாமல் மாறினால் புதிய இடத்திலும் அதேதான் நடக்கும்.

என் முதல் விண்ணப்பக் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்கப் புகார் எழுதியிருந்தேன். ஆசிரியர் சரியில்லை, விடுதியில் சத்தம், பாடத்திட்டம் பழையது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே ஆசிரியரிடம், அதே விடுதியில் இருந்தவர்கள் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். எனக்கு நடந்தது இதுதான்: முதல் செமஸ்டரில் கணிதம் புரியவில்லை. புரியவில்லை என்று கேட்க வெட்கம். இரண்டு வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது வகுப்புக்குப் போனால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களோ என்று அதற்கும் போகவில்லை. அப்படியே செமஸ்டர் முடிந்தது. பாடத்திலிருந்து விலகிக்கொள்ளக் கடைசித் தேதி என்று ஒன்று இருந்ததுகூட எனக்குத் தெரியாது. அந்தத் தேதிக்குள் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் மதிப்பெண் பட்டியலில் விலகினார் என்ற குறிப்போடு போயிருக்கும், சராசரியைத் தொட்டிருக்காது. தோல்வி என்று ஏறியதற்குக் காரணம் கணிதம் அல்ல, வெட்கம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் வேறொரு இடத்தில் தனியாக இரண்டே பாடங்கள் எடுத்துப் படித்தேன், அதில் ஒன்று கணிதம். வாரத்தில் ஒரு நாள் ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டிலும் நல்ல மதிப்பெண் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய கடிதம் அரைப் பக்கம்தான்: என்ன நடந்தது, எதை மாற்றிக்கொண்டேன், அதற்கு இந்த இரண்டு மதிப்பெண்கள் சாட்சி. என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு அந்த அரைப் பக்கம்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். நான் இனி நன்றாகப் படிப்பேன் என்று யாரும் எழுதலாம். படித்திருக்கிறேன் என்று காட்டுவது வேறு. அதனால் இந்த வருடமே மாறியாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஒரு செமஸ்டர், இரண்டே பாடம், எங்காவது ஒழுங்காகப் படித்து முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

உடல்நிலை, மனநிலை, வீட்டில் ஒரு சாவு, பணக்கஷ்டம் என்று காரணம் அப்படி இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். மருத்துவரின் சான்று இருந்தால் இணையுங்கள். இரக்கம் தேடுவதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்று இதை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய இடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டை ஏற்கலாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வெளியே வந்த பிறகு மாணவர் கணக்கு மூடப்பட்டுவிட்டால் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கட்ட வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். பாக்கி இருக்கிறவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) தராத இடங்கள் நிறைய.

இன்று காலையில் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். மறைக்க வேண்டாம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எல்லாத்தையும் எழுதினா யார் அண்ணா எடுப்பாங்க?" என்றான். யாராவது ஒருவர் எடுப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. எழுதிக் கொண்டு வா, சேர்ந்து படித்துப் பார்ப்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.