ஷாங்-சியைப் படைத்தது ஸ்டான் லீ அல்ல
'குங் ஃபூ வீரன் ஷாங்-சியை புரூஸ் லீக்காகவே ஸ்டான் லீ உருவாக்கினார்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. ஸ்டான் லீ மார்வெல் காமிக்ஸின் புகழ்பெற்ற எழுத்தாளர்தான், ஆனால் இது தவறு.

மார்வெல் காமிக்ஸ் நாயகனான ஷாங்-சியின் கதையை எழுதியவர் ஸ்டீவ் எங்கல்ஹார்ட், வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின். 1973 டிசம்பர் தேதியிட்ட 'ஸ்பெஷல் மார்வெல் எடிஷன்' 15ஆம் இதழில்தான் ஷாங்-சி அறிமுகம். அந்த இதழைப் புரட்டினாலே இருவர் பெயரையும் பார்க்கலாம். அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'குங் ஃபூ' தொடர்தான் அவர்களுக்குத் தூண்டுதல்.

அப்புறம் ஷாங்-சியிடம் தெரியும் அந்த புரூஸ் லீ சாயல்? அது ஸ்டார்லினுக்குப் பின் வரைய வந்த பால் குலாசியின் கைவண்ணம். புரூஸ் லீயின் முகத்தையே மாதிரியாக வைத்து வரைந்தார், அதுவும் அட்டகாசமாக. மார்வெல் என்றாலே ஸ்டான் லீ என்று நினைப்பது நம் பழக்கம், அவ்வளவுதான்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.