சச்சிவ்ஜி கிளம்பட்டும்

"பஞ்சாயத்" என்ற இந்தித் தொடரின் 5வது சீசனில் சச்சிவ்ஜி புலேராவை விட்டுப் போய்விட வேண்டும். இதை எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் சொன்னதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, அப்ப ரிங்கிய என்ன பண்றது?" என்று ஒரு தம்பி. "நீங்க மட்டும் ஊர்லயே இருப்பீங்க, அவரு மட்டும் போகணுமா?" என்று பினாங்கிலிருந்து என் சொந்தத் தங்கச்சி. துண்டு துண்டாகப் பதில் போட்டு முடியவில்லை, அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். 4வது சீசன் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரை எல்லாவற்றையும் தொட்டுத்தான் பேசப்போகிறேன்.

தொடரே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: உத்தரப் பிரதேசத்தில் புலேரா என்று ஒரு கற்பனைக் கிராமம். பொறியியல் படித்தும் நல்ல வேலை அமையாத அபிஷேக் திரிபாதி, மாதம் 20,000 ரூபாய் சம்பளத்துக்கு அங்கே பஞ்சாயத்துச் செயலாளராகப் போகிறான். ஊருக்கு அவன் சச்சிவ்ஜி. ஊர்த் தலைவி மஞ்சு தேவி என்றாலும், ஊர் பிரதான்ஜி என்று கூப்பிடுவது அவர் புருஷனைத்தான். அவர்கள் மகள் ரிங்கிமேல் பிறகு அவனுக்குக் காதல். போன முதல் நாளே ஆபீஸ் சாவி காணோம். பூட்டை உடைத்துத்தான் வேலையில் சேர்கிறான். ராத்திரியில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வுக்குப் படித்து, எம்.பி.ஏ. சேர்ந்து, அந்த ஊரிலிருந்து எப்படியாவது வெளியேற வேண்டும் என்பதுதான் அவன் கனவு. முதல் சீசன் 2020 ஏப்ரல் 3ல் வந்தது. பிறகு 2022, 2024, 2025. ஒவ்வொன்றிலும் 8 எபிசோட். 5வது சீசன் 2026ல் என்று பிரைம் வீடியோ 2025 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் வேறு பேச்சில்லை.

2020 ஏப்ரல் என்றால் நமக்கு வேறு நினைவும் உண்டு. மார்ச் 18ல் மலேசியாவில் பி.கே.பி. என்ற நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, எங்கள் சுங்கை சிப்புட் பசார் அடங்கிப்போய், பங்குனி உத்திரத்துக்குக் கோயில் வாசலைக்கூட மிதிக்க முடியாமல் கிடந்த நேரம். பாட்டு இல்லாத, சண்டை இல்லாத, அடுத்த வீட்டில் நடப்பதை எட்டிப் பார்ப்பது போல் ஒரு தொடர் அப்போது கைக்கு வந்தது. இந்திப் படத்தை மலாய் எழுத்தோடு டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆங்கில எழுத்து ஓடினால் என்ன, பார்த்துவிட்டோம். தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீட்டில் பார்த்து, இன்னொரு வீட்டுக்குச் சொல்லி, கடைசியில் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள்கூட "அந்தச் சேகரெட்டரி கதை போடு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதை ஒரு நாற்காலியை வைத்தே சொல்லலாம். முதல் சீசனில் அபிஷேக் ஆபீஸுக்குச் சக்கரம் வைத்த புது நாற்காலி வாங்குகிறான். பிரதான்ஜிக்கு அது நெஞ்சில் குத்துகிறது. ஊர்த் தலைவரைவிடச் செயலாளருக்குப் பெரிய ஆசனமா? அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்து ஆபீஸில் வந்து தங்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் அதே நாற்காலிதான் வேண்டும். மொத்த எபிசோடும் அவ்வளவுதான்.

நான் தோட்ட ஆபீஸில் கிராணி, அதாவது எழுத்தர். என் அப்பா காலத்தில் சம்பள நாளன்று ஆட்கள் ஆபீஸுக்குள் காலே வைக்க முடியாது. வெளிச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் அடிப்பலகை பலபேர் முழங்கை பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். பேர் கூப்பிட்டதும் குனிந்து, பெருவிரலை மையில் தொட்டு செக்ரோல் பதிவேட்டில் வைத்து, காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு நகர வேண்டும். குனிந்தால்தான் உள்ளே இருக்கிற கிராணியின் முகமே தெரியும். உள்ளேயும் யார் எதில் உட்காரலாம் என்று எழுதாத சட்டம் இருந்தது. துரைக்குக் கைப்பிடி வைத்தது, பெரிய கிராணிக்குச் சாய்வு வைத்தது, சின்னக் கிராணிக்கு முதுகில்லாத மரமுக்காலி. அந்த ஆபீஸைப் பார்த்தவர்களுக்குப் பிரதான்ஜியின் முகம் ஏன் கறுத்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

விளக்குக் கதையும் அப்படித்தான். ஊருக்கு வந்த சூரிய ஒளி விளக்குகளில் ஒன்று மிஞ்சுகிறது. அதை எங்கே நடுவது என்று கூட்டம். ராத்திரி படிக்க வெளிச்சம் கிடைக்கும் என்று அபிஷேக் தன் ஆபீஸ் வாசலுக்குக் கேட்கிறான். ஊரோ பேய் மரத்தடிக்குத்தான் வேண்டும் என்கிறது. நாங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்தபோது ராத்திரி 10 மணிக்கு மின்சார எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிற பிள்ளைகள் அதற்கு மேல் மண்ணெண்ணெய் விளக்கில்தான். அந்த எபிசோடில் எல்லோரும் பேய்க்குச் சிரிக்கும்போது, ஒரு விளக்குக்காக அவன் செய்கிற தந்திரங்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட கதைகள்தான் இந்தத் தொடரின் உயிர். திருடு போன மானிட்டர், சுவரில் எழுதிய குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம், காணாமல் போன ஆடு. 3வது சீசனில் எம்.எல்.ஏ.வோடு பகை முற்றி, கடைசியில் துப்பாக்கி வெடித்துப் பிரதான்ஜிக்கே குண்டு பட்டது. எனக்கு அங்கே மனசு விட்டுப்போனது. துப்பாக்கிக் கதை எடுக்க இந்தியாவில் நூறு பேர் இருக்கிறார்கள். நாற்காலிக் கதை எடுக்க இவர்களை விட்டால் ஆள் குறைவு. 4வது சீசன் முழுக்கத் தேர்தல். சுரைக்காய்ச் சின்னத்தில் மஞ்சு தேவி, பிரஷர் குக்கர் சின்னத்தில் எதிரணிப் பூஷணின் மனைவி கிராந்தி தேவி. அதிலும் நிறைய இடங்களில் கூச்சல்தான் மிஞ்சியது.

ஆனால் பினோத்துக்குச் சாப்பாடு போடும் இடம் இருக்கிறதே, அதற்காக அந்த சீசனின் எல்லாக் குறையையும் மன்னிப்பேன். எதிர் அணியில் பூஷணுக்கு எடுபிடியாகத் திரியும் ஏழை பினோத். அவனைத் தங்கள் பக்கம் இழுக்கப் பிரதான்ஜி வீட்டில் உட்காரவைத்து விருந்து வைக்கிறார்கள். பூரி, அல்வா என்று இலை நிறைய. தன்னை ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டு இப்படி மரியாதையாகப் பரிமாறுகிறார்களே என்று அவன் முகம் மலர்கிறது. எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று புரிந்ததும், தான் ஏழைதான், துரோகி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறான். பினோத்தாக நடித்த அசோக் பாதக் அதில் குரலைக்கூட உயர்த்தவில்லை. தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டையும் பிஸ்கட் டின்னும் இறங்குவதைப் பார்த்த எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தேர்தல் என்றதும் இன்னொன்று. புலேராவில் தெரு விளக்குக்குப் பொறுப்பானவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது, பிடிக்காவிட்டால் இறக்கிவிடுகிறது. நமக்கு அது இல்லை. இங்கே ஊராட்சித் தேர்தலை 1965ல் நிறுத்திவைத்தார்கள். 1976 சட்டத்தோடு அது ஒரேயடியாகப் போயிற்று. எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரிந்தவர் தாமானில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆகவே 4வது சீசனில் ஓட்டு எண்ணிக்கை ஓடும்போது, நாங்கள் ஏதோ எங்கள் வார்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். மஞ்சு தேவி தோற்றபோது என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

3வது சீசனில் வீடு கேட்டுப் பொய் சொல்லும் பாட்டியை விட்டுவிட்டு மேலே போக முடியாது. அரசாங்க வீட்டுக்காக, குடும்பம் தன்னை ஒதுக்கிவிட்டது போல் நடித்து இடிந்த குடிசையில் கிடக்கிறார் அந்த அம்மா. தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு. வேலை முடிந்தால் லயத்தைக் காலி பண்ண வேண்டும். முப்பது நாற்பது வருஷம் வெளிக்காட்டில் உழைத்த கைகள் கடைசியில் பிள்ளை வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்ததை நாம் பார்த்திருக்கிறோம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் நம் ஆட்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்றுதான், எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வீட்டுக்காக ஒரு கிழவி பொய் சொல்கிறாள் என்றால் அது எங்களுக்கு நகைச்சுவையாக ஆரம்பித்து வேறு எங்கேயோ போய் முடிகிறது. மனைவியும் போய், பட்டாளத்தில் மகனையும் பறிகொடுத்து, காலி வீட்டில் தனியாக இருக்கிற துணைப் பிரதான் பிரஹ்லாத் அந்தக் கதைக்குள் வரும்போது, அவராக நடிக்கும் ஃபைசல் மாலிக்கின் கண்ணைப் பார்க்கவே முடியவில்லை.

தமிழில் "தலைவெட்டியான் பாளையம்" வந்ததே என்பவர்களுக்கு: பார்த்தேன். 2024 செப்டம்பரில் வந்தது. "ரமணி வெர்சஸ் ரமணி" எடுத்த நாகாதான் இயக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம், சேத்தன், தேவதர்ஷினி என்று நல்ல நடிகர்கள். நம் மொழியில் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மூலத்தின் தடத்திலேயே அடி பிசகாமல் நடந்துவிட்டார்கள். திருநெல்வேலிக்கே உரிய சண்டைகளை எடுத்திருந்தால் அதுவும் தனியாக நின்றிருக்கும்.

சரி, என் கட்சிக்கு வருகிறேன். அபிஷேக் ஏன் போக வேண்டும்?

4வது சீசன் முடிவில் அவனுக்குக் கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டது. முதல் எபிசோடிலிருந்து நாம் பார்த்தது அதற்கான படிப்பைத்தான். கொசுக்கடியில், மங்கின வெளிச்சத்தில், பகலெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டு ஓய்ந்த பிறகு. இப்போது காதலுக்காகவோ நட்புக்காகவோ அவன் அங்கேயே தங்கிவிட்டால், அந்த ராத்திரிகளுக்கெல்லாம் என்ன மரியாதை? ஒருமுறை அவன் ஊரை விட்டுப் போனான்தான். அது எம்.எல்.ஏ. கோபத்தில் வந்த இடமாற்றம், துரத்தல். திரும்பி வந்தபோது நானும் கைதட்டினேன். துரத்தப்படுவது வேறு, தன் காலால் கிளம்புவது வேறு.

எங்கள் மாதிரி ஊர்களில் இந்தக் கிளம்புதல் நடந்துகொண்டே இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, இருக்கிற வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படித்த பிள்ளை இங்கே உட்கார்ந்து என்ன செய்வான்? என் கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் ஈப்போ தாண்டி, கோலாலம்பூர் தாண்டி, ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் போனதை இந்த ஊர் ஒருநாளும் குற்றமாகப் பார்த்ததில்லை. ரயிலேற்றிவிட்டு, திருவிழாவுக்கு வந்துவிடு என்று சொல்லித்தான் அனுப்பியது. நான் தங்கினேன். அது நானாக எடுத்த முடிவு, அதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் பட்டணத்தில் இருக்கிற ரசிகர்கள், கிராமத்து எளிமையை ரசிக்க ஒருத்தன் அங்கே நிரந்தரமாக இருக்கட்டும் என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. புலேரா அவர்களுக்கு லீவுக்குப் போகிற இடம். அபிஷேக்குக்கு அது 20,000 ரூபாய் வேலை.

ரிங்கியை என்ன செய்வது என்று கேட்டார்களே. ரிங்கியும் போகட்டும்! கல்யாணம் பண்ணிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும் என்று சொல்லவில்லை. படிக்கட்டும், வேலை பார்க்கட்டும், அதற்கப்புறம் சேர்ந்து வாழ்வதா என்று இரண்டு பேரும் முடிவு பண்ணட்டும். எங்கள் தோட்டத்துப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். தாதியாகவும் ஆசிரியையாகவும் முதலில் பெட்டி கட்டியவர்களில் அவர்கள்தான் அதிகம்.

அவர்கள் போனபின் தொடரில் என்ன மிஞ்சும் என்கிறீர்களா? எனக்கு மிகவும் ஆர்வமே அங்கேதான். இந்தியாவில் 73வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் பெண்களுக்கு என்று ஆனது. மஞ்சு தேவி அப்படி ஜெயித்தவர், அதிகாரம் பண்ணியது புருஷன். முதல் சீசன் கடைசியில் குடியரசு தினத்துக்காகத் தேசிய கீதத்தை மனப்பாடம் பண்ணி, மாவட்ட ஆட்சியர் முன்னால் அவர் பாடினாரே, அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பதவி நிஜமாகவே அவருடையது ஆயிற்று. இப்போது தோற்றிருக்கிறார். பிரதானாக இல்லாவிட்டாலும் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை வாக்காளர் எல்லோருக்கும் உண்டு. மஞ்சு தேவி எழுந்து கேட்கட்டும். கிராந்தி தேவி கணவனை முந்திக்கொண்டு தானே பதில் சொல்லப் பழகட்டும். பக்கத்தில் பூஷண் வாயை மூட முடியாமல் தவிக்கட்டும். மஞ்சு தேவியாக வரும் நீனா குப்தாவையும் கிராந்தி தேவியாக வரும் சுனிதா ராஜ்வாரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினையைப் போட்டால் எட்டு எபிசோட் போதாது. பூஷணும் பழைய பிரதான்ஜியும், மனைவிகளுக்காகக் காத்திருக்கும் இரண்டு கணவர்களாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற காட்சி வந்தால் நான் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.

அபிஷேக் இடத்துக்கு ஒரு பெண் செயலாளர் வரட்டும். ஆபீஸ் உதவியாளர் விகாஸ் அவருக்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டட்டும். சக்கரம் வைத்த நாற்காலி யாருக்கு என்று ஊர் திரும்பவும் கூடட்டும். இப்படி ஒரு கதை எழுதத்தான் நேரம் வேண்டும் என்று அவர்கள் 5வது சீசனைத் தள்ளிப்போட்டால், எங்கள் குழுவில் மற்றவர்கள் என்ன சொன்னாலும் சரி, நான் காத்திருக்கத் தயார்.